மாரியில் அடைத்த வேலியும் மாரியில் போட்ட தட்டும்: வவுனிக்குளத்தருகே ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் வேலி வேலையும் தச்சுவேலையும் செய்கிற எங்களிடம் ஐப்பசி பிறந்தவுடன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மழை முடியட்டுமோ?" தை பிறக்கட்டும் என்று பெரும்பாலானோர் சொல்லிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிவந்தேன். 2020 மாரியில் அப்படிச் சொல்ல முடியாத ஒரு வேலை வந்தது. அதை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன். சரியாக வந்ததும் உண்டு, நான் பிழைவிட்டு இரண்டாம் முறை செய்ததும் உண்டு. பிழைவிட்ட இடங்களைக் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன். அதே பிழையை இன்றைக்கும் நிறையக் காணிகளில் பார்க்கிறேன்.

இடமும் ஆட்களும்

காணி முல்லைத்தீவு மாவட்டத்து வவுனிக்குளத்தின் கீழ்ப்பக்கம், மல்லாவியிலிருந்து போகும் வழியில். அரை ஏக்கர். ரோட்டுப்பக்கம் 110 அடி, நீளப்பக்கம் 198 அடி. ரோட்டோரம் மேடு, செம்மண்ணும் கிறவலும் (சரளை) கலந்து இறுகிய நிலம், அலவாங்கு (கடப்பாரை) போட்டால் பொறி பறக்கும். பின்னால் போகப்போகச் சரிந்து, வயலோரத்தில் கருங்களியாகிவிடும். துணுக்காய், முருங்கன் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் களியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாரியில் காலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இருநூறு அடிக்குள் இரண்டு வேறு நிலம். இதை நான் தொடக்கத்தில் போதியளவு கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டுக்கார அக்கா ஐம்பதைத் தாண்டியவர், மகளோடு இருக்கிறார், ஒன்பது ஆடு வளர்க்கிறார். 2009இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியேற வந்தபோது வளவில் வேலி என்று எதுவும் மிச்சமில்லை. எல்லையைக் காட்டியது பழைய கிளுவை மரங்கள்தானாம். வெட்டுப்பட்டும் எரிந்தும் போன வேலியில் ஏழெட்டுக் கிளுவை அடியிலிருந்து திரும்பத் தளிர்த்து, பற்றைக்குள் ஒரே நேராக நின்றிருக்கின்றன. "காணி உறுதி துலைஞ்சு போச்சுது தம்பி, கிளுவை துலையேல்லை" என்றார். அந்தக் கிளுவைகளில் ஒன்றையும் அடியோடு வெட்டக்கூடாது என்பதுதான் அவர் எனக்குப் போட்ட முதல் நிபந்தனை. அதன் பிறகு பத்து வருடமாகப் பழைய தகரம், துருப்பிடித்த முள்ளுக்கம்பி, அலம்பல் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு அடைத்து வந்திருக்கிறார்.

செய்யவேண்டியது இரண்டு: சுற்றிவர வேலி, ஆடுகளுக்கு நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தட்டோடு ஒரு கொட்டில்.

ஏன் தை வரை பொறுக்கவில்லை

முதல் காரணம் ஆடு. ஆடு வெயிலைத் தாங்கும், காலுக்குக் கீழே ஈரம் தாங்காது. முந்திய மாரியில் மண்தரைக் கொட்டிலுக்குள் சேறும் மூத்திரமும் கலந்து நின்று, மூன்று ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது, இரண்டு குட்டிகள் சளி பிடித்துச் செத்தன. இன்னொரு மாரியை அதே தரையில் கழிக்க அக்காவுக்கு மனம் இல்லை.

இரண்டாவது, பின்னால் இருப்பது வயல். காலபோக (மாரிப் போக) நெல் விதைத்தாகிவிட்டது. போகத்துக்கு முந்திய கூட்டத்தில் மாடு, ஆடு கட்டவேண்டிய திகதியும் சொல்லியாகிவிட்டது. ஆடு வயலுக்குள் இறங்கினால் பக்கத்து வயல்காரரோடு கதை வளரும்.

மூன்றாவது காரணம்தான் இந்த ஆய்வின் மையம். கதியால் என்பது வேர்விட்டு மரமாக நட்டுவைக்கிற கொப்பு; கதியால் வேலிக்கு மாரியை விட்டால் வேறு காலம் கிடையாது. எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு வாடைக்காற்றோடு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் வேர் இறங்காத கதியால் மாசி, பங்குனியில் விறகு. ஆக, தை பிறந்து வேலி அடைக்கலாம் என்பவர் உயிர்வேலி வேண்டாம் என்று முடிவெடுக்கிறார், தான் முடிவெடுத்தது தெரியாமலே.

செலவுக்குக் காசு அனுப்பியது அக்காவின் தம்பி. கனடாவில், ரொறன்ரோப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் மரத்தட்டும் வேலியும் போடுகிற வேலைதான் அவருக்கும். தொலைபேசியில் கதைத்தபோது ஒரே தொழில்காரர் என்று நிறையக் கதைத்தோம். "அண்ணை, இஞ்ச விண்டரில நிலம் கல்லு மாதிரி இறுகிடும். நாலு அடிக்குக் கீழ இறக்காட்டித் தூணைப் பனி தூக்கிப் போடும்" என்றார். மண்ணுக்குள் இருக்கிற நீர் உறைந்து பெருக்கும்போது தூணை மேலே தள்ளுகிறது. அதனால் உறைகிற ஆழத்துக்குக் கீழே அடி வைக்கிறார்கள். கொங்கிறீட் குளிரில் ஒழுங்காக இறுகாது என்பதால் குளிர்காலத்தில் இரும்புத் திருகுத் தூணை இயந்திரத்தால் முறுக்கி இறக்குவதும் உண்டாம். எங்களுக்குப் பனியும் இல்லை, உறைவதும் இல்லை என்று நான் அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். அவர் சொன்னது எங்கள் களிக்கும் பொருந்தும் என்று எனக்கு உறைத்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

எது மழைக்கு, எது வெயிலுக்கு

வேலையைத் தொடங்குமுன் ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டுப் பிரித்தோம். மழை வேண்டிய வேலை: கதியால் வெட்டுதல், நடுதல். மழை இருந்தாலும் பரவாயில்லாத வேலை: ரோட்டோர மேட்டில் தூண் நாட்டுதல், கம்பி இழுத்தல், கண்டாயம் (வேலியில் ஆள் புகும் வழி) போடுதல். மழை ஆகாத வேலை: மரத்துக்கு ஒயில் பூசுதல், கூரைத் தகரம் அடித்தல். பலகை அடித்தலை நடுவில் எழுதினேன். அதை மூன்றாவது பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும், அல்லது வேறு மாதிரிச் செய்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தீபாவளி முடிந்த கையோடு இறங்கினோம். நான், இரண்டு உதவியாட்கள், பொழுதுபட்ட நேரங்களில் அக்காவின் மகள்.

ரோட்டுப்பக்கம் ஏழடிக் கொங்கிறீட் தூண், எட்டடிக்கு ஒன்று. கிறவல் மண்ணில் மழை எங்களுக்கு உதவிதான் செய்தது. கோடையில் ஒரு கிடங்குக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும் நிலம், நனைந்த பிறகு இருபது நிமிடத்தில் விட்டுக்கொடுத்தது. தண்ணீர் நிற்காத மண் என்பதால் கலவையும் கெடவில்லை. போட்டவுடன் மேலே பழைய சீமெந்துப் பையும் தறப்பாளும் மூடினோம். கொங்கிறீட்டுக்கு முதல் சில மணி நேரம்தான் மழை பகை. இறுகத் தொடங்கிய பிறகு ஈரம் நல்லது; கோடையில் நாங்கள் சாக்கு நனைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை மழையே செய்தது. இந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். இன்றுவரை ஒரு தூணும் அசையவில்லை.

இடையில் ஒரு விஷயம். வன்னியில் கிடங்கு வெட்டுகிறவர்கள் மழை கரைத்த மண்ணைப் பார்த்துத்தான் அலவாங்கை இறக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியாக இருந்தாலும், மழை அரித்த இடத்தில் இரும்போ குழாயோ தலைகாட்டினால் தொடாமல், தட்டாமல், அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். என்ன அவசர வேலையாக இருந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

கதியால்

இரண்டு நீளப்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 506 அடி. ஒன்றரை அடிக்கு ஒன்று என்று 340 கதியால் தேவைப்பட்டது. பெரும்பகுதி கிளிசரியா. சிலர் சீமைக்கிளுவை என்பார்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கம் அறிவித்த மரம். ஆட்டுக்கு அதன் குழையைப் போல் சத்துள்ள தீனி சுற்றுவட்டாரத்தில் குறைவு. வேலியே தீனியும் ஆகிறது என்பதால் அக்காவுக்கு அதில் விருப்பம். மேட்டுப் பகுதியில் மட்டும், பழைய கிளுவைகளின் இடைவெளியில், அவற்றின் கொப்பையே வெட்டிக் கிளுவை நட்டோம்.

கதியாலில் எல்லாம் வெட்டிலேயே இருக்கிறது. பச்சைத் தோல் மாறிச் சாம்பல் நிறம் வந்த, ஒரு வருடத்துக்கு மேல் முற்றிய கொப்பாகப் பார்க்கவேண்டும். தடிப்பு பெருவிரலுக்குக் குறையக்கூடாது, மணிக்கட்டளவு என்றால் நல்லது. ஆறடி நீளம். கத்தியை நன்றாகத் தீட்டி, அடியை ஒரே வெட்டில் சரிவாக வெட்டவேண்டும். மொட்டைக் கத்தியால் நாலு கொத்துக் கொத்தினால் தோல் தண்டிலிருந்து கழன்றுவிடும், அந்தக் கழன்ற இடத்தில்தான் அழுகல் தொடங்கும். மேல்முனையையும் சரிவாக வெட்டினால் மழைத்தண்ணீர் நிற்காது. வெட்டியதை மூன்று நாள் நிழலில் நிறுத்திவைத்து நடுவது என் வழக்கம். வெட்டுவாய் கொஞ்சம் காய்ந்தபின் நட்டால் அழுகல் குறைகிறது.

நடும்போது அலவாங்கால் ஓரடி துளை போட்டு, கதியாலை அதற்குள் வைத்து, சுற்றிவர மண்ணைக் குதியால் மிதித்து இறுக்கவேண்டும். கதியாலையே சுத்தியலால் அடித்து இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்முனை பிளக்கும், அடித்தோல் உரியும், பாதி அங்கேயே செத்துவிடும்.

பதினைந்து நாளில் தளிர் வந்துவிட்டது. அக்காவின் மகள் சந்தோஷத்தில் ஒரு கதியாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். தளிர் வந்ததென்றால் வேர் வந்ததென்று அர்த்தமில்லை. கொப்புக்குள் சேர்ந்திருக்கிற சத்திலேயே முதல் தளிர் வரும். வேர் அதற்குப் பிறகு நூலாக இறங்குகிறது. அந்த நேரத்தில் ஆட்டினால் நூல் அறும். இதே காரணத்துக்காகத்தான் கம்பியையும் முதல் வருடம் கதியாலில் இறுக்கக்கூடாது. இடையிடையே நாட்டிய பனந்தூண்களில் கம்பியை இழுத்துக் கட்டினோம், கதியால்களை அதோடு நாரால் தளர்வாகச் சேர்த்துவிட்டோம். குட்டிகள் நுழையாமல் கீழே இரண்டரை அடிக்குப் பனைமட்டை வரிச்சு.

புரெவி இரவு

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பக்கம் கரை தொட்டு, வன்னிக்கூடாக மன்னார்ப் பக்கம் போனது. எங்கள் வேலை பாதியில் நின்றது. கொட்டிலின் கால்கள் எழும்பியிருந்தன, கூரை இல்லை. தகரங்களை அடிக்காமல் நிலத்தில் அடுக்கி மேலே மண்மூட்டை ஏற்றியிருந்தோம். அன்றைக்குப் பின்னேரம் இரண்டு தகரத்தையாவது அடித்துவிடலாமே என்று உதவியாள் கேட்டபோது வேண்டாம் என்றேன். பாதி அடித்த தகரம் காற்றில் பறக்கிற கத்தி. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அடுத்த நாள் மழை விட்டபோது போய்ப் பார்த்தேன். கதியால்களுக்கு ஒன்றுமில்லை, தலையில் குழை இல்லாததால் காற்றுக்குப் பிடிக்க எதுவும் இருக்கவில்லை. ரோட்டோரத் தூண்கள் நின்றபடி நின்றன. பின்மூலையில் களிக்குள் நாட்டிய இரண்டு கொங்கிறீட் தூண்களும் வயல் பக்கம் சாய்ந்துவிட்டன. அவற்றில் கட்டியிருந்த கம்பி தொய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது.

புயலில் சாய்ந்தது என்று சொல்லி நிமிர்த்திவிட்டுப் போயிருக்கலாம். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டையும் கிண்டி எடுத்தோம்.

கொங்கிறீட் இருந்த நிலையைப் பார்த்து வெட்கப்பட்டேன். மேலே அரையடி இறுகியிருந்தது. கீழே கையால் பிசைந்தால் உதிர்ந்தது. சல்லி வேறாக, மணல் வேறாக, நடுவில் களிக்குழம்பு. என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து யோசித்தேன். கிடங்கை முதல்நாள் வெட்டிவிட்டுப் போயிருந்தோம். இரவு அது நிறைந்துவிட்டது. காலையில் தகரப்பேணியால் இறைத்தோம், ஆனால் வயலிலிருந்து ஊற்று வந்துகொண்டே இருந்தது. அரையடித் தண்ணீருக்குள் கலவையைக் கொட்டினோம். கொட்டும்போதே சீமெந்து கழுவுப்பட்டுப் போயிருக்கிறது.

அதைவிடப் பெரிய பிழை கிடங்கின் வடிவம். வாய் அகலமாக, அடி ஒடுக்கமாக, புனல் மாதிரி வெட்டியிருந்தோம். மண்வெட்டியால் வெட்டினால் அப்படித்தான் வரும். களி ஈரத்தில் ஊதும்போது அந்தச் சரிவான பக்கங்களைப் பிடித்து மேலே தள்ளும். கனடாத் தம்பி பனியைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே உறைந்து பெருக்கிற நீர், இங்கே நனைந்து பெருக்கிற களி. தூணுக்கு இரண்டும் ஒன்றுதான், மண் அதைப் பிடித்து அசைக்கிறது. மருந்தும் ஒன்றுதான்: அசைகிற மண்ணைத் தாண்டி ஆழம் போகவேண்டும், பக்கம் நேராக இருக்கவேண்டும், அடி வாயைவிட அகலமாக இருக்கவேண்டும்.

இரண்டாம் முறை ஒரு தூணுக்கு ஒரு காலை என்று ஒதுக்கினோம். முதலில் மூலையிலிருந்து வயல் வாய்க்காலுக்கு ஒரு சிறு வடிகான் வெட்டினோம். பிறகு கிடங்கு: மூன்றடி ஆழம், பக்கம் செங்குத்து, அடியில் சுற்றிவரக் குடைந்து அகட்டல். வெட்டியவுடன் இறைத்து, கீழே ஒரு சாண் சல்லி போட்டு இடித்து, தண்ணீர் மிகக் குறைத்துக் குழைத்த கலவையைக் கையால் உருட்டினால் உருண்டை நிற்கும் பதத்தில் போட்டு, அரையடிக்கு ஒருமுறை அலவாங்கால் இடித்தோம். மேலே தலைகீழ்ச் சட்டி மாதிரிக் கூன் வைத்துப் பூசினோம், தண்ணீர் தூணடியில் நிற்காமல் வழிய. ஒவ்வொரு மூலைத் தூணுக்கும் உள்பக்கத்தில் ஒரு மிண்டு (முட்டுக்கால்). ஏழு நாளைக்குக் கம்பி கட்டவில்லை. அதற்குள் கொங்கிறீட் தன் பலத்தில் பெரும்பங்கை எடுத்துவிடும்.

அந்தத் தாழ்வான பகுதியில் நட்ட கிளிசரியாக்களும் எனக்குப் பாடம். மேலே தளிர்த்தவை, பின்னால் தண்ணீர் நின்ற முப்பது அடியில் மார்கழியில் கறுத்துப்போயின. இழுத்தால் சோப்புப் போல் வழுகி வந்தன. கிளிசரியாவுக்கு ஈரம் வேண்டும், தேங்கிய தண்ணீர் ஆகாது. அந்த இடத்துக்குப் பூவரசு வெட்டிவந்து நட்டோம். பூவரசு கால் நனைந்தபடி நிற்கப் பழகிய மரம்.

பலகைத் தட்டு

கொட்டில் 14 அடிக்கு 10 அடி. தட்டு நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரம், கீழே புகுந்து எருக் கூட்டி அள்ளுகிற அளவுக்கு. எட்டுக் கொங்கிறீட் அடிக்கல்லை நிலத்துக்கு மேல் ஓரடி எழும்புகிற மாதிரிப் போட்டு, அவற்றில் பதித்த இரும்புப் பட்டியில் மரக்கால்களைப் பூட்டினோம். மரம் மண்ணில் படவில்லை. மரம் அழுகுவது மண்மட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதான், கறையான் ஏறுவதும் அந்த வழியால்தான். கால்களுக்கு மேல் வைரம் பாய்ந்த பனந் தீராந்தி (குறுக்கு உத்தரம்). பனையோ காட்டுமரமோ, வெட்டவும் ஏற்றவும் அனுமதித் துண்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குங்கள். வழியில் மறித்தால் மரமும் போகும், வாகனமும் நிற்கும்.

பலகையை ஒரு மர ஆலையில் வாங்கினேன். நாலங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. பச்சை மரம், அறுத்து ஒரு கிழமைகூட இருக்காது. காய்ந்தது இருக்கிறதா என்று கேட்டேன், மாரியில் ஏது காய்ந்தது என்றார்கள். அது உண்மையும்தான். ஏற்றிவந்து தறப்பாளுக்குக் கீழே அடுக்கினேன். மழை நாட்களில் அடுக்கிய பலகையை இழுக்குமுன் தடியால் தட்டிவிட்டு இழுங்கள். ஈரத்துக்கு ஒதுங்குகிற விரியன் அதற்குள்தான் கிடக்கும்.

ஆட்டுத் தட்டில் பலகைக்குப் பலகை இடைவெளி விடவேண்டும், புழுக்கை கீழே விழ. பெரிய ஆட்டுக்கு ஐந்து நூல், குட்டிப் பகுதிக்கு நாலு நூல். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சர் கணக்கு. ஐந்து நூல் தடிப்பில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் அதை வைத்து, பிசகாமல் அடித்தேன். 36 பலகை. ஒவ்வொரு தீராந்தியிலும் இரண்டு துத்தநாகம் பூசிய ஆணி. மார்கழி நடுவில் தட்டு முடிந்தது, வெயில் கண்ட இரண்டு நாளில் கூரையும் ஏறியது. ஆடுகள் முதல் நாள் ஏறப் பயந்தன; குழையைக் காட்டி ஒன்றை ஏற்றியதும் மற்றவை தாமாக ஏறின. அந்த மாரியில் ஒரு குட்டியும் சாகவில்லை. அக்கா பொங்கலுக்குக் கூப்பிட்டுப் புக்கை தந்தார். எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன்.

தீராந்திக்கு ஒயில் பூச மட்டும் பொறுத்திருந்தேன். மார்கழியில் ஒரு துண்டில் பூசிப் பார்த்தபோது ஒயில் உள்ளே இறங்காமல் மணிமணியாக நின்றது. தண்ணீர் குடித்த மரம் ஒயில் குடிக்காது. சித்திரையில் வந்து பூசினேன், ஒரே இழுவையில் குடித்தது. கழிவு ஒயிலைத் தட்டுக்குக் கீழே மட்டும், ஆடு நக்காத இடத்தில் மட்டும் பூசவேண்டும். அதில் இருக்கிற நஞ்சு ஆட்டுக்கு ஆகாது.

சித்திரையில் போனபோதே பலகையைப் பார்த்திருக்கவேண்டும். கீழே குனிந்து ஒயில் பூசினேன், மேலே நூல் வைத்துப் பார்க்கவில்லை. வைகாசியில் போகலாம் என்றிருந்தேன். 2021 மே 21இல் நாடு முழுக்கப் பயணத்தடை வந்து ஜூன் 21 வரை நின்றது. அந்த இடைவெளியில்தான் அக்கா தொலைபேசி எடுத்தார். இருபது நாள் குட்டி ஒன்று பலகைக்கு நடுவில் பின்காலை விட்டு, இழுத்து, முழங்காலுக்குக் கீழே தோல் முழுக்க உரித்துக்கொண்டது. எலும்பு முறியவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுத் துணி சுற்றிவிட்டு, அன்றிரவு முழுக்கக் குட்டியை மடியில் வைத்திருந்திருக்கிறார்.

தடை எடுத்த பிறகு போய் அளந்தேன். ஐந்து நூல் விட்ட இடம் ஏழு நூலாக நின்றது. நாலு நூல் விட்ட குட்டிப் பகுதி ஆறு நூல்.

கணக்கு எளிது, நான்தான் போடவில்லை. பச்சை மரம் காயும்போது நீளத்தில் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். வளையத்தை ஒட்டி அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்கே அறுத்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும்; என் பலகை பெரும்பாலும் முதல் வகை. நாலங்குலம் என்பது 32 நூல். அதில் நூற்றுக்கு ஆறு சுருங்கினாலே இரண்டு நூல். 36 பலகைக்கும் சேர்த்தால் 72 நூல், அதாவது ஒன்பது அங்குலம். பதினாலடித் தட்டில் ஒன்பது அங்குலம் வெறும் வெளியாகப் போயிருந்தது.

எல்லாப் பலகையையும் கழற்றினோம். தீராந்திக்கு இரண்டு ஆணி என்று அடித்ததால் கழற்றும்போது சில வெடித்தன, சில தாமே காயும்போது ஆணிக்கு இடையில் வெடித்திருந்தன. திரும்ப நெருக்கி, ஐந்து நூல், நாலு நூல் வைத்து அடித்தபோது கடைசியில் மிஞ்சிய இடத்துக்குச் சரியாக இரண்டு பலகை பிடித்தது. அந்த இரண்டு பலகைக்கும் கூலிக்கும் நான் காசு வாங்கவில்லை. பிழை என்னுடையது.

இப்போது மாரியில் தட்டுப் போட்டால் நான் செய்வது இது. பலகை பச்சையென்றால், வேண்டிய இடைவெளியில் இரண்டு நூலைக் குறைத்து அடிக்கிறேன்; பெரிய ஆட்டுக்கு மூன்று, குட்டிக்கு இரண்டு. மாரி முழுக்கப் புழுக்கை கொஞ்சம் சிக்கும், விளக்குமாற்றால் தள்ளிவிடச் சொல்கிறேன். முதல் அடிப்பில் முனைக்கு ஒரு ஆணி மட்டும், தலையைக் கொஞ்சம் வெளியே விட்டு. ஆனியில் திரும்ப வந்து அளந்து, நெருக்கவேண்டியதை நெருக்கி, மீதி ஆணியை அடிக்கிறேன். இந்த இரண்டாம் வருகையின் கூலியை முதலே கணக்கில் சொல்லிவிடுகிறேன். சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

ஆடியில் பார்த்தது

ஆடியில் சோளகக்காற்று எழும்பிய பிறகு ஒரு நாள் வேலிக்காகவே போனேன். பின்பக்கக் களி வெடித்திருந்தது. திரும்ப நாட்டிய மூலைத் தூண்கள் நேராகத்தான் நின்றன, ஆனால் இடையில் நிற்கிற பனந்தூண்களைச் சுற்றி மண் விலகி, ஒரு விரல் நுழைகிற வளையம் விட்டிருந்தது. பிடித்து ஆட்டினால் ஆடின. மாரியில் இறுக்கி மிதித்த களி கோடையில் தானே பின்வாங்கிவிடுகிறது. களிமண்ணையே அந்த இடைவெளிக்குள் போட்டு நிரப்பினால் அடுத்த மழைக்கு அது ஊதித் தூணைத் தள்ளும். மணலும் பொடிக் கிறவலும் கலந்து, கம்பியால் குத்திக் குத்தி நிரப்பினோம். ஒரு தூணுக்குக் கால்மணித்தியாலம். களியில் மாரியில் வேலி அடைத்தவர்கள் முதல் ஆடியில் ஒருமுறை இதைச் செய்துவிட்டால், தூண் நிலைத்துவிடுகிறது.

கதியால்களை எண்ணினேன். 340இல் 37 பட்டுவிட்டன. அதில் இருபது அந்தத் தாழ்வான முப்பது அடியில் செத்தவை, அவற்றின் இடத்தில் பூவரசு நிற்கிறது. மற்றப் பதினேழில் சிலவற்றை ஆடு தோலுரித்திருந்தது, சிலவற்றுக்கு எனக்குக் காரணம் பிடிபடவில்லை. மீதி எல்லாம் பிடித்து, ஆளுயரத்துக்கு மேல் குழைத்திருந்தன. பழைய கிளுவைகள் நடுவில் நின்றன. கோடை நடுவில், ஊரெல்லாம் புல் கருகிக் கிடக்கும்போது, அக்கா வேலியில் குழை ஒடித்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். காலில் தழும்போடு அந்தக் குட்டியும் வந்து பங்கு கேட்டது.

பக்கத்து வளவுக்காரர் அன்றைக்கே வந்து சொல்லிவைத்துவிட்டார், அடுத்த ஐப்பசிக்கு இந்த வேலியிலிருந்து இருநூறு கதியால் தனக்கு வேண்டும் என்று. அக்கா கிளுவையைத் தவிர எதையும் வெட்டலாம் என்றார்.